ரெனே அந்துவான் ஃபெர்ஷோ தெ ரெயோமூர்

ரெனே அந்துவான் ஃபெர்ஷோ தெ ரெயோமூர் (பெப்ரவரி 28, 1683 – அக்டோபர் 1757) பிரான்சு நாட்டைச் சேர்ந்த அறிவியலாளர் ஆவார். கணிதம், உலோகவியல், வெப்பவியல், விலங்கியல் எனப் பல துறைகளில் ஆய்வு செய்தவர். நீரின் உறைநிலையை 0 எனவும் கொதிநிலையை 80 எனவும் கொள்ளும் ரெயோமூர் வெப்பநிலை அளவீடு இவருடைய பெயரால் வழங்குகிறது. 1734 முதல் 1742 வரை இவர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பூச்சிகளின் வரலாறு பூச்சியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையில் வாழும் இலைத்துளைப்பான் அந்துப்பூச்சிகளின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து பதிவு செய்த முன்னோடிகளுள் இவர் முதன்மையானவர்.

பிறப்பும் கல்வியும்

ரெயோமூர் பிரான்சின் மேற்குக் கடற்கரைத் துறைமுக நகரான லா ரொஷெலில் பிறந்தார். தந்தையார் அந்நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். ரெயோமூர் குழந்தையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். எனினும் குடும்பத்திற்கு நிலபுலங்கள் இருந்தமையால் வாழ்க்கையில் வறுமை ஏற்படவில்லை. பின்னாளில் இவர் வருவாயைப் பற்றிக் கவலையின்றி ஆய்வில் ஈடுபட இச்செல்வம் துணை நின்றது.

1699 ஆம் ஆண்டில் பூர்ஜ் நகரில் குருவாக இருந்த சிறிய தந்தை முறையினரான உறவினர் ஒருவர் இவரை அழைத்துச் சென்று சட்டம் பயில வைத்தார். ஆயினும் இவருடைய நாட்டம் கணிதத்திலும் இயற்பியலிலுமே இருந்தது. 1703 ஆம் ஆண்டில் பாரிசு நகருக்குச் சென்று அத்துறைகளில் கல்வியைத் தொடர்ந்தார்.

அறிவியல் கழகத்தில்

1708 ஆம் ஆண்டில், கணிதவியலாளர் பியேர் வரிஞோனின் ஆதரவுடன், பாரிசு அறிவியல் கழகத்தில் வடிவியல் பிரிவின் மாணவ உறுப்பினராக ரெயோமூர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1711 இல் முழு உறுப்பினரானார். அதன்பின் தம் இறப்பு வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்கழகத்தில் பணியாற்றினார். கழகத்தின் இயக்குநர் பொறுப்பையும் பலமுறை ஏற்றார். 1738 இல் இலண்டன் அரச கழகம் இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

தொடக்கத்தில் வடிவியல் கட்டுரைகளை எழுதிய இவர் விரைவிலேயே உயிரினங்களின் பக்கம் திரும்பினார். அக்காலத்தில் மோன்பெலியே நகரைச் சேர்ந்த பொன் என்பவர் சிலந்தி இழையால் காலுறைகள் செய்து காட்டியிருந்தார். சிலந்திகளை வளர்த்துப் பட்டுத்தொழில் போன்ற ஒரு தொழிலை நடத்த இயலுமா என ஆராயும் பணி ரெயோமூரிடம் தரப்பட்டது. சிலந்திகளை ஒன்றாக அடைத்து வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதையும், போதிய இழையைப் பெற மிகப் பெரும் எண்ணிக்கையில் சிலந்திகள் வேண்டும் என்பதையும் கண்டு, 1710 இல் இத்தொழில் இலாபம் தராது என அறிக்கை அளித்தார்.

1712 இல் நன்னீரில் வாழும் இறால் வகை ஒன்று, தான் இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்வதைச் சோதனை வழியாக நிறுவினார். 1719 இல் குளவிகள் மர நாரை மென்று தாள் போன்ற பொருளால் கூடு கட்டுவதைச் சுட்டிக்காட்டினார். கந்தைத் துணியிலிருந்து மட்டுமே தாள் செய்யப்பட்ட அக்காலத்தில், மரத்திலிருந்தும் தாள் செய்யலாம் என்ற எண்ணத்தை இது தந்தது. மரக்கூழிலிருந்து தாள் செய்யும் தொழில் 19 ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது.

தொழில்நுட்ப ஆய்வுகள்

பிரான்சின் கைத்தொழில்கள் அனைத்தையும் படங்களுடன் விவரிக்கும் பெரும் திட்டம் ஒன்றை அறிவியல் கழகம் மேற்கொண்டிருந்தது. அதனை நடத்தும் பொறுப்பு ரெயோமூரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்காக இவர் பட்டறைகளுக்கும் உலைக்களங்களுக்கும் சென்று தொழிலாளர்களின் செய்முறைகளைக் கேட்டறிந்தார். இத்தொகுப்பு இவருடைய இறப்புக்குப் பின்னரே, 1761 முதல், நூல்களாக வெளிவரத் தொடங்கியது.

1722 இல் தேனிரும்பை எஃகாக்கும் முறை பற்றியும் வார்ப்பிரும்பைப் பதப்படுத்தும் முறை பற்றியும் நூல் ஒன்றை வெளியிட்டார். அப்போது பிரான்சை ஆண்டுவந்த அரசப் பிரதிநிதி ஓர்லியன் கோமகன் இதற்காக ஆண்டுக்கு 12,000 லீவர் உதவித்தொகை வழங்கினார். தமக்குப் பின் இத்தொகை அறிவியல் கழகத்துக்குச் சேர வேண்டும் என ரெயோமூர் கேட்டுக்கொண்டார்.

1730 இல் சாராயம் நிரப்பிய வெப்பமானி ஒன்றை அமைத்தார். உறைநிலையில் 1000 பங்கு கன அளவுடைய சாராயம் ஒரு பங்கு விரிவதே ஒரு பாகை எனக் கொண்டார். தாம் தேர்ந்த செறிவுள்ள சாராயம் நீரின் கொதிநிலை வரை 80 பங்கு விரியும் என்பதே 80 என்ற எண்ணின் தோற்றம் ஆகும். பின்னர் இதே அளவீடு பாதரச வெப்பமானிகளில் பொறிக்கப்பட்டது. 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு, செருமனி, உருசியா ஆகிய நாடுகளில் இது பரவலாக வழக்கில் இருந்தது. பின்னர் செல்சியசு அளவீடு இதன் இடத்தைப் பிடித்தது.

பூச்சிகளின் வரலாறு

பூச்சிகளின் வரலாற்றுக்கான நினைவுக் குறிப்புகள் என்ற பொருள்படும் தலைப்பில் இவர் எழுதிய பெருநூலின் ஆறு தொகுதிகள் 1734, 1736, 1737, 1738, 1740, 1742 ஆகிய ஆண்டுகளில் பாரிசு அரச அச்சகத்தில் அச்சாயின. செம்பில் செதுக்கிய 250 க்கும் மேற்பட்ட படத்தகடுகள் அவற்றில் உள்ளன.

இவருக்கு முன்னரே மல்பீகி, சுவாமர்டாம், மரியா சிபில்லா மேரியன் முதலியோர் பூச்சிகளின் உருமாற்றத்தை ஆராய்ந்திருந்தனர். ரெயோமூரின் தனித்தன்மை இவர் எழுப்பிய வினாக்களில் இருந்தது. ஒரு பூச்சிக்கு எத்தனை கால்கள், எத்தனை சிறகுகள் என்பதோடு இவர் நின்றுவிடவில்லை. அது எங்கே முட்டையிடுகிறது, எதை உண்கிறது, எவ்வாறு உறைவிடம் அமைக்கிறது, எந்தப் பகைவரிடமிருந்து எவ்வாறு தப்புகிறது, எப்போது உருமாறுகிறது என்பவற்றையே முதன்மையாகக் கேட்டார். பாரிசின் புறப்பகுதியான செயின்ட் அந்துவானில் இருந்த இவருடைய இல்லமும் தோட்டமும் பூச்சி வளர்ப்புக் கூடங்களாகவே விளங்கின. கண்ணாடிக் குப்பிகளிலும் பெட்டிகளிலும் புழுக்களை வளர்த்து நாள்தோறும் கவனித்துக் குறித்தார்.

பயன் கருதிய ஆய்வுகளையும் இவர் விட்டுவிடவில்லை. கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு வெவ்வேறு நிறக் கம்பளித் துண்டுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார். புழு தன் உறையைப் பெரிதாக்கும்போது எந்தப் பகுதியை எப்போது சேர்க்கிறது என்பதை நிறப்பட்டைகளைக் கொண்டே அறிந்துகொண்டார். கற்பூரத் தைலமும் புகையிலைப் புகையும் இப்புழுவைக் கொல்லும் என்பதையும் கண்டறிந்தார்.

தானிய மணி ஒன்றினுள்ளேயே புகுந்து, அதன் உள்ளீட்டைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும் அந்துப்பூச்சி பற்றியும் 1736 இல் எழுதினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சேமித்த நெல்லைக் கெடுக்கும் நெல் அந்துப்பூச்சி இவ்வினமே ஆகும். இப்பூச்சி பின்னாளில் பிரான்சின் அங்கூமுவா மாகாணத்தில் பெருஞ்சேதம் விளைவித்தது. அதனால் அறிவியல் கழகம் 1760 இல் துயமெல், தியே ஆகிய இருவரை அங்கு அனுப்ப நேர்ந்தது.

இலைத்துளைப்பான்கள்

இலைத்துளைப்பான்கள் என்பவை இலையின் இரு தோல்களுக்கும் இடையிலுள்ள பசுந்திசுவைத் தின்று வாழும் பூச்சிப் புழுக்கள் ஆகும். எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் இளந்தளிர்களில் வெள்ளிக் கோடு போல வளைந்து செல்லும் தடத்தைத் தமிழர் பலரும் கண்டிருப்பர். அது இத்தகைய அந்துப்பூச்சி ஒன்றின் புழு சென்ற வழியே ஆகும். எலுமிச்சை இலைத்துளைப்பான் எனப்படும் அவ்வினத்தை, கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, இசுட்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் 1856 இல் விவரித்தார். இன்று அது உலகில் எலுமிச்சை இனங்கள் பயிராகும் பெரும்பாலான நாடுகளில் பரவியுள்ளது.

இவற்றின் வாழ்க்கைச் சுழற்சி பொதுவாகப் பின்வருமாறு அமையும். பெண் அந்துப்பூச்சி இலையின் மேல் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு இலைக்குள் நுழைந்துவிடும். குறுகிய இடத்தில் வாழ்வதற்கேற்பப் புழுவின் உடல் தட்டையாகவும், கால்கள் மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். புழு வளர வளர அது செல்லும் பாதையும் அகலமாகும். அதன் கழிவு பாதையின் நடுவே கருங்கோடாகப் படியும். முழுவளர்ச்சி அடைந்த பின் சில இனங்கள் இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். சில இனங்கள் தோலைக் கிழித்து வெளியேறி இலை விளிம்பிலோ மரப்பட்டையிலோ மண்ணிலோ கூடு நூற்கும். கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளமே உடையது.

ரெயோமூரின் மூன்றாம் தொகுதி (1737) இலைத்துளைப்பான்களைக் கொண்டே தொடங்குகிறது. அத்தொகுதியின் தலைப்பிலும் இவற்றுக்கே முதலிடம் தரப்பட்டுள்ளது. புழுக்கள் இலையைக் குடையும் முறையைக் கொண்டு இவற்றை இரு பெரும் பிரிவுகளாக ரெயோமூர் வகுத்தார். நீண்டு வளைந்த ஒடுங்கிய பாதை அமைப்பவை ஒரு பிரிவு. ஓரிடத்திலிருந்து எல்லாப் பக்கங்களிலும் தின்று அகன்ற கொப்புளம் போன்ற இடத்தை உண்டாக்குபவை மற்றொரு பிரிவு. இன்றைய பூச்சியியலாளர்களும் இலையிலுள்ள தடத்தை விவரிக்க இதே பாகுபாட்டைப் பயன்படுத்துகின்றனர்.

இலைக்குள் வாழும் புழுக்கள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதையும் இவர் காட்டினார். குடையப்பட்ட இலைகளைச் சேகரித்து, புழுக்கள் உருமாறும் வரை காத்திருந்து பார்த்தபோது சிலவற்றிலிருந்து அந்துப்பூச்சிகளும், சிலவற்றிலிருந்து ஈக்களும், சிலவற்றிலிருந்து வண்டுகளும் வெளிவந்தன. ஒரே வகையான உறைவிடத்தில், ஒரே வகையான உணவை உண்டு வாழ்ந்தாலும் அவை வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை என்பது இதனால் தெளிவாயிற்று. புழுவை மட்டும் கண்டு முடிவு கூறாமல், முட்டை முதல் சிறகு வரை ஓர் உயிரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற இவருடைய கொள்கைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

வெளிவந்த அந்துப்பூச்சிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த ரெயோமூர் அவற்றின் சிறகுகளில் பொன்னும் வெள்ளியும் போல ஒளிரும் செதில்களைக் கண்டு வியந்து எழுதினார். பெரிய அளவில் இருந்திருப்பின் உலகின் மிக அழகிய பூச்சிகளாக இவை போற்றப்பட்டிருக்கும் என்பது இவருடைய கருத்து.

இலையால் உறை தைக்கும் புழுக்கள்

இலைத்துளைப்பான்களுக்கு நெருங்கிய வாழ்க்கை முறையுடைய மற்றொரு கூட்டத்தையும் இதே தொகுதியில் ரெயோமூர் விவரித்துள்ளார். இப்புழுக்கள் முதலில் இலைக்குள் குடைந்து தின்னும். பின்னர்த் தாம் குடைந்த பகுதியின் இரு தோல்களையும் வெட்டியெடுத்து, பட்டிழையால் இணைத்து, உடலை மூடும் உறையாக அமைத்துக்கொள்ளும். அவ்வுறையைச் சுமந்தபடியே வேறிடம் சென்று உண்ணும்.

புதிதாகத் தைக்கப்பட்ட ஓர் உறையின் விளிம்பை ரெயோமூர் கத்தரிக்கோலால் வெட்டிப் புழுவின் உடல் பல இடங்களில் வெளியே தெரியுமாறு செய்தார். புழு புதிய உறையைச் செய்ய முற்படவில்லை. கிழிந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தைத்து மூடியது. உறையின் பின்முனையாக அமைய வேண்டிய பகுதி வெட்டுப்பட்டிருந்ததால், முதலில் பின்புறமாக வைத்திருந்த பக்கத்தை முன்புறமாக மாற்றிக்கொண்டது. பூச்சிகளின் செயல்கள் வெறும் இயந்திர இயக்கமா, சூழலுக்கேற்ப மாறக்கூடியவையா என்ற வினா அக்காலத்தில் அறிஞரிடையே பெரிதாக இருந்தது. இச்சிறு சோதனை அவ்வாதத்தில் பின்னாளிலும் எடுத்துக்காட்டப்பட்டது.

வெப்பமும் உருமாற்றமும்

வெப்பமானியும் பூச்சியியலும் ரெயோமூரின் ஆய்வில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கூட்டுப்புழுக்களில் ஒரு பகுதியைக் குளிர்ந்த இடத்திலும் மற்றொரு பகுதியைச் சூடான கண்ணாடி வீட்டிலும் வைத்துப் பார்த்தார். சூடான இடத்தில் இருந்தவை குளிர்காலத்திலேயே சிறகு முளைத்து வெளிவந்தன. குளிர்ந்த இடத்தில் இருந்தவை வழக்கமான காலத்தைக் கடந்தும் கூட்டுப்புழுவாகவே நீடித்தன. உட்குழிவான கண்ணாடி முட்டை ஒன்றில் கூட்டுப்புழுக்களை இட்டு, அடைகாக்கும் கோழியின் கீழ் வைத்தும் இவர் வண்ணத்துப்பூச்சியை வெளிவரச் செய்தார்.

1735 இல் மற்றொரு முக்கியமான கருத்தை வெளியிட்டார். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையைக் கொண்டு ஓராண்டில் பயிர் முந்தி விளைவதையும் மற்றோர் ஆண்டில் பிந்தி விளைவதையும் விளக்கலாம் என்பதே அது. பயிர் வளர்ச்சிக்கும் பூச்சி வளர்ச்சிக்கும் நாட்களின் எண்ணிக்கையை விட, பெற்ற வெப்பத்தின் கூட்டுத்தொகையே சிறந்த அளவுகோல் என்ற இக்கருத்து இன்றைய வேளாண் அறிவியலில் நிலைபெற்றுள்ளது. எந்த வாரத்தில் ஒரு பூச்சி முட்டையிடும், எப்போது மருந்து தெளிக்க வேண்டும் என முன்னறிவிக்கும் கணக்குகள் இதனை அடிப்படையாகக் கொண்டவை.

உடன் பணியாற்றியோர்

ரெயோமூர் தம்மைச் சுற்றி ஓர் ஆய்வுக் குழுவை உருவாக்கினார். நொலே, கெத்தார், பிரிசோன் ஆகியோர் இவரிடம் உதவியாளர்களாக இருந்து பின்னர்ப் புகழ்பெற்றனர். செனீவாவைச் சேர்ந்த சார்லசு பொன்னே இவருடைய நூலைப் படித்தே பூச்சியியலில் நுழைந்தவர். ஆண் சேர்க்கையின்றியே அசுவினிகள் குட்டி ஈனுகின்றன என்பதைத் தாம் பலமுறை முயன்றும் நிறுவ இயலாதிருந்த ரெயோமூர், அச்சோதனையைப் பொன்னேயிடம் பரிந்துரைத்தார். 1740 இல் பொன்னே அதில் வெற்றி பெற்றார். துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளரும் ஐதராவை ஆராய்ந்த டிராம்பிளேயும் தம் முடிவுகளை முதலில் இவருக்கே எழுதி அனுப்பினார். சுவீடனில் சார்லசு டி யேர் இதே தலைப்பில் ஏழு தொகுதிகள் கொண்ட நூலை 1752 முதல் வெளியிட்டார்.

நூலின் படங்களில் பலவற்றை வரைந்தவர் எலென் துமூசுத்தியே என்ற பெண்மணி ஆவார். சில மில்லிமீட்டர் அளவுள்ள புழுக்களின் உறுப்புகளை உயிருடன் இருக்கும்போதே பார்த்து வரைவது எளிதன்று. அதற்கு ஓவியத் திறமையோடு உற்றுநோக்கும் திறமையும் வேண்டும். ஓர் ஓவியப் பெண்மணியின் உதவியை ரெயோமூர் நூலில் நன்றியுடன் குறிப்பிட்டார். ஆயினும் அவருடைய அடக்கம் கருதிப் பெயரைக் கூறவில்லை. இதனால் நெடுங்காலம் அவர் அறியப்படாமலே இருந்தார். ரெயோமூர் தம் உயிலில் அவரைத் தம் வாரிசாக அறிவித்தார். ரெயோமூரின் குழுவைப் பற்றி மேரி டெரல் 2014 இல் வெளியிட்ட ஆய்வு நூல் துமூசுத்தியேவின் பங்களிப்பை விரிவாக எடுத்துக்காட்டியது.

பெயரிடாமையும் அதன் விளைவும்

ரெயோமூர் தாம் கண்ட பூச்சிகளுக்கு முறையான அறிவியல் பெயர்கள் இடவில்லை. பெயர்ப் பட்டியலும் நுணுக்கமான வகைப்பாடும் இவருக்கு இரண்டாம் நிலையானவையே. எந்த மரத்தின் இலையில் வாழும் எத்தகைய புழு என்ற விளக்கத்தோடும் படத்தோடும் நிறுத்திக்கொண்டார். வாழ்க்கை முறையை முழுமையாக அறிய இது உதவியது. ஆனால் இலைத்துளைப்பான்களில் நெருங்கிய உறவுடைய இனங்கள் ஏராளமாக இருப்பதால், இவர் விவரித்த பூச்சி எந்த இனம் என்று பின்வந்தோர் உறுதி செய்வது பல இடங்களில் கடினமாயிற்று.

1758 இல் லின்னேயசு இருசொற் பெயரீட்டை விலங்குகளுக்கும் விரிவுபடுத்தியபோது, பூச்சி இனங்களுக்குச் சான்றாக ரெயோமூரின் படங்களைப் பல இடங்களில் எடுத்துக்காட்டினார். அதே நூலில் சிறு அந்துப்பூச்சிகளுக்கு முன்னோடி ஆய்வாளர்களின் பெயர்களை இட்டார். உலோகப் பச்சை நிறமும் மிக நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட ஓர் ஐரோப்பிய அந்துப்பூச்சி ரெயோமூரின் பெயரைப் பெற்றது. அது இன்று அடெலா ரெயோமூரெல்லா என வழங்கப்படுகிறது.

பஃபோனுடன் முரண்பாடு

1749 இல் பஃபோன் தம் இயற்கை வரலாற்றின் முதல் தொகுதிகளை வெளியிட்டார். உலகின் தோற்றம், உயிரினங்களின் உருவாக்கம் முதலிய பெரிய கேள்விகளுக்குக் கோட்பாடுகள் வழி விடை காண முயன்றவர் பஃபோன். ஒரு சிறு பூச்சிக்கு இயற்கையில் உள்ள இடத்தை விடப் பெரிய இடத்தை ஆய்வாளர் தம் மனத்தில் அதற்கு அளிக்கலாகாது என்னும் பொருள்பட எழுதினார். ரெயோமூரோ நேரில் கண்டு உறுதி செய்யப்படாத கோட்பாடுகளை நம்பவில்லை. இருவருக்கும் இடையிலான பகை நெடுநாள் நீடித்தது. பஃபோனின் நூல் அழகிய நடையால் மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. ரெயோமூரின் நூலோ நீண்ட விவரங்கள் நிறைந்தது. நாளடைவில் அறிஞர் வட்டத்துக்கு வெளியே அதன் செல்வாக்கு குறைந்தது.

இறுதிக் காலம்

முதுமையிலும் ரெயோமூர் ஆய்வை நிறுத்தவில்லை. 1749 இல் செயற்கை வெப்பத்தால் கோழி முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் முறை பற்றி நூல் எழுதினார். 1752 இல், பருந்தினப் பறவை ஒன்றுக்கு இறைச்சி வைத்த உலோகக் குழாய்களை விழுங்கக் கொடுத்தார். வெளிவந்த குழாய்களில் இறைச்சி கரைந்திருந்ததைக் கொண்டு, செரிமானம் அரைத்தலால் மட்டுமன்றி இரைப்பைச் சாற்றாலும் நிகழ்கிறது என நிறுவினார்.

இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1757 அக்டோபரில், பிரான்சின் மேன் பகுதியில் தமக்குச் சொந்தமான பெர்மோந்தியேர் மாளிகையில் தங்கியிருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, அதன் விளைவாகக் காலமானார்.

தம் கையெழுத்துப் படிகளையும் இயற்கைப் பொருட் சேகரிப்புகளையும் அறிவியல் கழகத்திற்கு விட்டுச் சென்றார். ஆனால் சேகரிப்புகள் விரைவில் பஃபோனின் பொறுப்பிலிருந்த அரசக் காட்சிச்சாலைக்கு மாற்றப்பட்டன. பல ஆண்டுகளாக அவற்றைப் பேணிவந்த பிரிசோனுக்கு அவற்றை ஆராயும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. பூச்சிகளின் வரலாற்றின் எஞ்சிய பகுதிகளும் அச்சேறவில்லை. எறும்புகளைப் பற்றி இவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படியை அமெரிக்க எறும்பியலாளர் வில்லியம் மார்ட்டன் வீலர் 1926 இல் பதிப்பித்தார். வண்டுகள் பற்றிய பகுதி 1955 இல் வெளிவந்தது.

பிற்கால முக்கியத்துவம்

இலைத்துளைப்பான்களைப் பற்றி ரெயோமூர் கேட்ட கேள்விகளின் பயன் 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் நேரடியாக உணரப்பட்டது. 1980களின் நடுவில் மாசிடோனியாவின் ஓக்ரிட் ஏரிக்கு அருகில் குதிரைக் கஷ்கொட்டை மரங்களின் இலைகளைக் குடையும் அந்துப்பூச்சி ஒன்று காணப்பட்டது. 1986 இல் அது கமெராரியா ஓக்ரிடெல்லா எனப் பெயரிடப்பட்டது. 1989 இல் ஆசுத்திரியாவில் தென்பட்ட அப்பூச்சி, அங்கிருந்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவி, 2002 இல் இங்கிலாந்தை அடைந்தது. வண்டிகளிலும் காற்றில் பறக்கும் இலைகளிலும் தொற்றிச் சென்றதே இவ்விரைவுக்குக் காரணம் ஆகும்.

குதிரைக் கஷ்கொட்டை மரம் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிசில் நடப்பட்டது. ரெயோமூரின் காலத்தில் அது பூங்காக்களில் வளர்ந்திருந்தது. இன்று அதே நகரில் இம்மரங்களின் இலைகள் கோடைக்காலத்திலேயே பழுப்பேறி உதிர்கின்றன. பெண் பூச்சி இலையின் மேற்புறத்தில் முட்டையிடுகிறது. புழு இலைக்குள்ளேயே வளர்ந்து அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று தலைமுறைகள் தோன்றுகின்றன. கடைசித் தலைமுறைக் கூட்டுப்புழுக்கள் உதிர்ந்த இலைகளுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆகவே இலையுதிர் காலத்தில் சருகுகளைத் திரட்டி அழிப்பதே இப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் எளிய வழியாக உள்ளது. வாழ்க்கைச் சுழற்சியை அறிந்தாலன்றி இவ்வழி புலப்பட்டிருக்காது.

இப்பூச்சியின் பூர்வீகமும் இலைகளைக் கொண்டே அறியப்பட்டது. தாவரவியல் காட்சியகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பழைய இலைகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கிரேக்க நாட்டில் 1879 இல் பறிக்கப்பட்ட இலைகளுக்குள் இதே பூச்சியின் உலர்ந்த புழுக்கள் இருந்தன. அவற்றின் மரபணுக்கள் ஆராயப்பட்டு 2011 இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. பூச்சி வெளியுலகுக்குத் தெரியவரும் முன் நூறாண்டுக்கும் மேலாகப் பால்கன் பகுதியில் வாழ்ந்துவந்தது என்பது இதனால் உறுதியாயிற்று. இலையைப் பறித்த தாவரவியலாளர்கள் அதனுள்ளிருந்த புழுக்களைத் தேடிப் பார்க்கவில்லை.

ரெயோமூரின் பெயர் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்த வெப்பநிலை அளவீட்டோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. எனினும் இலைத் தடங்களைப் பிரித்தறியும் முறையும், வெப்பக் கூட்டுத்தொகையைக் கொண்டு பூச்சியின் வருகையைக் கணிக்கும் முறையும், முட்டை முதல் முதிர்நிலை வரை ஓர் உயிரைத் தொடர்ந்து கவனிக்கும் வழக்கமும் இன்றும் பூச்சியியலில் பயன்பாட்டில் உள்ளன.